நோயும் பழியும்

நோய் தீவினையின் பயன் என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் கைகளே, எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் கதவை அடைக்கின்றன. இது அறமாகுமா?

மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் 'பி' கிருமியும், எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியும் பரவும் வழிகள் ஒன்றே: இரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து சேய். வழி ஒன்றாயிருக்கப் பழி மட்டும் வேறாவது ஏன்? சிங்கப்பூரில் 1985இல் 'பி' கிருமியைத் தாங்கிய தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987இல் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் வந்தது. அவ்வூசி எந்தத் தாயின் குலத்தையும் குணத்தையும் விசாரிப்பதில்லை.

சென்னையில் 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலிலிருந்த பெண்களின் இரத்தத்தைச் சோதித்து, எச்.ஐ.வி. இந்தியாவிலும் நுழைந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். 'அது மேனாட்டார் நோய்' என்ற இறுமாப்பு அன்றே தகர்ந்தது. 1993இல் சுனிதி நிறுவிய ஒய்.ஆர்.ஜி. நிலையத்தில் சிகிச்சையும் ஆராய்ச்சியும் இணைந்தன, எச்.ஐ.வி.யோடு ஹெப்பட்டைட்டிஸும் ஆராயப்பட்டது. அங்கு வந்த பெண்களிற் பெரும்பாலோர் கணவனையன்றிப் பிறரை அறியாதவர் என்று அந்நிலையத்தின் ஆய்வொன்று காட்டியது. கற்பைக் காத்தவளே நோயாளியானாள் என்றால், நோயைக் கொண்டு குணத்தை அளப்பது எங்ஙனம்?

"பழிக்கு அஞ்சாவிடில் ஒழுக்கம் கெடும்" என்பர் சிலர். பழியச்சம் தலைமுறை தலைமுறையாக இருந்தும் கிருமி வந்தேவிட்டது. அவ்வச்சம் தடுப்பது சோதனைக்குச் செல்வதைத்தான். செக்ரோலில் பெயர் ஏறாதவனுக்குச் சம்பளமில்லை என்பதைத் தோட்டத்துக் கிராணியாகிய நாம் நன்கறிவோம். அவ்வாறே சோதனைக்கு வராதவனுக்கு மருந்துமில்லை. மருந்தோ இருக்கிறது. 1996 முதல் பரவிய கூட்டு மருந்தைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையை அடைந்து அதில் நிலைத்தவரிடமிருந்து உடலுறவால் பிறருக்கு எச்.ஐ.வி. பரவுவதில்லை. 'சி' வகை ஹெப்பட்டைட்டிஸைச் சில மாத மாத்திரையே பெரும்பாலும் குணமாக்குகிறது.

தேக்காவிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில், 2019இல் திறக்கப்பட்ட தேசியத் தொற்றுநோய் மையம் நிற்கிறது. அதன் வாசலை மருத்துவர் திறந்து வைக்கலாம். அங்கே செல்பவனை ஏளனம் செய்யும் நம் நாவை யார் அடக்குவது? விஞ்ஞானி கிருமியை வென்றாலும், தீட்டு என்னும் கிருமியை அவரால் வெல்ல இயலாது. சகோதரர்களே, அவ்வேலை நம்முடையது.