புதுக் கணக்கு

"எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதுதான் நல்லது, சார்" என்றான் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த இளைஞன்.

சில மாதங்களாகவே என் கம்ப்யூட்டருக்குக் கிழப்பருவம் வந்துவிட்டது. காலையில் அதை முடுக்கிவிட்டுப் பல் விளக்கிக் காபி குடித்து, பத்திரிகையையும் ஒரு புரட்டுப் புரட்டிய பிறகுதான் அது கண் விழிக்கும். இளைஞன் சொன்ன வைத்தியம் எளிமையானது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றவேண்டும்.

"வேண்டியதை மட்டும் சொல்லுங்கள், சார். தனியாக எடுத்து வைக்கிறேன். மற்றது போகட்டும்."

'மற்றது போகட்டும்!' நாற்பது வயதைக் கடந்த மனிதனின் காதில் இதைவிட இனிமையான வார்த்தை வேறு என்ன விழ முடியும்? இயந்திரத்துக்குச் செய்கிற இந்த வைத்தியத்தை நமக்கும் யாராவது செய்யமாட்டார்களா என்று ஏங்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிக்க உட்கார்ந்தேன். பாதியில் நின்றுபோன நாவல்கள் போகட்டும். பழைய ரசீதுகள் போகட்டும். இப்படித் தள்ளிக்கொண்டே வந்தபோது, சேமித்து வைத்திருந்த மின்னஞ்சல்களுக்கு இடையே ஒரு கடிதம் கண்ணில் பட்டது.

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் எழுதியது. நான் எழுதத் தொடங்கிய காலத்தில் என் கதைகளைத் திருத்திக் கொடுத்தவர். தபால் தலைக்கும் தம் கைக்காசையே போட்டவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 20,000 ரூபாய் கேட்டிருந்தார். அந்த மாதம் என்னிடம் பணம் இருந்தது. நாளைக்குப் பதில் எழுதலாம் என்று நினைத்தேன். நாளை வாரமாயிற்று, வாரம் மாதமாயிற்று. பிறகு வெட்கமே சாக்காகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அவர் காலமானார். அந்த வீட்டுப் படியேற எனக்குத் துணிவில்லை.

இப்போது நான் சும்மா இருந்தாலே போதும். மறுநாள் அந்த இளைஞன் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடுவான். நான் அழித்ததாகக்கூட ஆகாது.

மறுநாள் அவன் வந்ததும், "தம்பி, அழித்தால் எல்லாம் உண்மையிலேயே போய்விடுமா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "புத்தகத்தில் பொருளடக்கம் இருக்கிறதல்லவா, சார்? ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால், பொருளடக்கத்தில் அந்த வரியைத்தான் இது அடிக்கும். 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும். பக்கம் அப்படியே இருக்கும். அதன் மேல் வேறு ஏதாவது எழுதினால்தான் பழையது போகும்."

என்னுடையது காந்தத் தட்டுச் சுழலும் பழைய ரகம்; கொள்ளளவு 500 ஜிபி. அவசரத் துடைப்புச் சில விநாடிகளில் முடிந்துவிடுமாம். அங்குலம் விடாமல் பூஜ்யத்தை எழுதி நிரப்புவதென்றால் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்குமாம்.

அவன் சொன்னது வெறும் பேச்சல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் இருவர், பிறர் விற்ற பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கியவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை பன்னிரண்டே. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும், வைத்தியக் குறிப்புகளும், காதல் கடிதங்களும் கிடைத்தன. விற்றவர்களில் பலர் எல்லாம் போய்விட்டதென்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

நம் மனமும் இந்த இயந்திரத்தைப் போலத்தானோ? 'மறந்துவிட்டேன்' என்கிறோம். பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அப்படியானால் மறப்பதே பிழையா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. ஒருவன் தனக்கு இழைத்த தீங்கை அன்றைக்கே மறந்துவிடுவது நல்லது என்கிறார் வள்ளுவர். ஆனால் அது யாருக்குச் சொன்ன புத்தி? தீங்குக்கு ஆளானவனுக்குச் சொன்னது. தீங்கு செய்தவனுக்கு அல்ல. கடன் கொடுத்தவன் பத்திரத்தைக் கிழித்தெறிந்தால் அது பெருந்தன்மை. வாங்கியவனே கிழித்தெறிந்தால் அதற்குப் பெயர் வேறு. செயல் ஒன்றுதான், செய்கிற கை மாறும்போது தர்மமும் மாறிவிடுகிறது.

2014-ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவரின் வீடு கடனுக்காக ஏலத்துக்கு வந்த செய்தி, 1998-இல் ஒரு பார்சிலோனாப் பத்திரிகையில் விளம்பரமாக வெளியாயிற்று. அந்த விவகாரம் தீர்ந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கூகிளில் அவர் பெயரைத் தேடியவர்களுக்கெல்லாம் அந்த ஏல விளம்பரமே வந்து நின்றது. அதைத் தேடலிலிருந்து நீக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். பழைய பத்திரிகையில் விளம்பரம் அப்படியே இருந்தது. பொருளடக்கத்தில்தான் ஒரு வரி போயிற்று. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. தீர்ந்துபோன கடனை உலகம் அவர் முகத்தில் வீசிக்கொண்டே இருக்கலாமா?

ஆனால் என் கடன் தீரவில்லையே! பத்திரத்தைக் கிழிக்கக்கூடிய ஒரே மனிதரும் போய்விட்டார்.

நம் ஊர் வியாபாரிகள் வருஷத்துக்கு ஒரு முறை புதுக் கணக்கு எழுதுவார்கள். புது நோட்டின் ஓரத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, சூடம் காட்டி ஆரம்பிப்பார்கள். எல்லாம் புதிதுதான். ஆனால் பழைய நோட்டில் நின்ற பாக்கி புது நோட்டுக்கு வந்தாக வேண்டும். பாக்கியை விட்டுவிட்டுத் தொடங்கினால் அது புதுக் கணக்கல்ல, பொய்க் கணக்கு. நோட்டைப் புதிதாக மாற்றிக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. பாக்கியை மாற்றத்தான் உரிமையில்லை.

இளைஞனிடம் நான் எடுத்து வைக்கச் சொன்னவை மிகச் சில. அவற்றில் அந்தக் கடிதமும் ஒன்று. மற்றதையெல்லாம் முழுவதும் துடைக்கச் சொன்னேன். மாலையில் இயந்திரம் துள்ளி எழுந்தது; பல் விளக்குகிற அவகாசம்கூட அது எனக்குத் தரவில்லை.

புதிய கம்ப்யூட்டரில் நான் எழுதிய முதல் எழுத்து கதையல்ல. நண்பரின் மனைவிக்கு ஒரு கடிதம். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். பணம் பற்றி எழுதும்போது கை கூசியது, ஆனாலும் எழுதினேன். வீட்டுக்கு வர அனுமதி கேட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. வராமலே போனாலும் அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு வருஷங்கள் ஒரு மனிதர் என் பதிலுக்காகக் காத்திருந்தாரே!