பாலின் அளவும் பானத்தின் இயல்பும்

கப்புச்சினோ, லாட்டே, மக்கியாட்டோ எல்லாம் எஸ்பிரெசோவும் பாலும்தான், வேறுபாடு விலைப்பட்டியலில் மட்டுமே என்பவர்கள், மூலப்பொருள் ஒன்றானால் பொருளும் ஒன்றே என்று எண்ணுகிறார்கள். அரிஸ்டாட்டில் இதை ஏற்றிருக்க மாட்டார்; ஒன்றை இன்னதாக்குவதில் அது பெற்ற வடிவத்துக்கும் பங்குண்டு என்பது அவர் கட்சி. அமெரிக்கானோவையும் லாங் பிளாக்கையும் பாருங்கள். இரண்டிலும் இருப்பது எஸ்பிரெசோவும் வெந்நீரும்தான். முன்னதில் காப்பியின்மேல் வெந்நீர் விழுகிறது. பின்னதில் வெந்நீரின்மேல் காப்பி. அதனால் பின்னதில், அழுத்தத்தில் பிறந்த பொன்னிற நுரை அதிகம் கலையாமல் நிற்கிறது. அளவு மாறவில்லை, வரிசை மாறியது, பானமும் மாறியது. செய்முறைதான் இங்கே வடிவம்.

எல்லைக்கோடு எங்கே என்று கேட்கலாம். இத்தாலிய எஸ்பிரெசோ தேசிய நிறுவனம் கப்புச்சினோவுக்கு 25 மி.லி. எஸ்பிரெசோ, 100 மி.லி. பால் என்று வகுத்திருக்கிறது, 110 மி.லி. ஊற்றினால் லாட்டே ஆகிவிடுமா? ஆகாது. ஒரு கடையில் ஃபிளாட் ஒயிட் எனப்படும் பால் காப்பி இன்னொரு கடையில் லாட்டேயாக விற்பதும் உண்மையே. எத்தனை மயிர் உதிர்ந்தால் வழுக்கை என்ற கிரேக்கப் புதிருக்கும் விடையில்லை; ஆனாலும் வழுக்கைத் தலையை அடையாளம் காண யாரும் தடுமாறுவதில்லை. நிறுவனம் சொல்லும் எண் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. நுரையின் அடர்த்தியோ, நீராவியும் பாலின் புரதமும் சேர்ந்து செய்த வேலை.