அருகிலிருந்தும் தொலைவில்

முசரவாக்கத்தில் நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். 1990-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் வடகரையிலிருந்து படகேறி அகதியாக வந்தவர். தறி வேலை செய்யும் மகளோடு இங்கு வாழ்பவர். செபித்துவிட்டு எழுந்தபோது அவர் கேட்டார்: “சுவாமி, மெட்ராசிலையிருந்து பலாலிக்குப் பிளேனிலை எவ்வளவு நேரம் செல்லும்?”

“ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல், அம்மா” என்றோம். அவர் பதில் ஏதும் கூறவில்லை. அந்த மௌனம் வீடு திரும்பிய பின்னும் நம்மை விடவில்லை.

மீனம்பாக்கத்திற்கும் பலாலிக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கும் தொலைவைவிட இது குறைவு. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. அன்று காங்கேசன்துறை எனப்பட்ட அந்நிலையமே பலாலி. பின்னர் போர் வந்தது. யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர் சென்னையிலிருந்து 640 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கட்டுநாயக்காவில் இறங்கி, மீண்டும் வடக்கே நெடும்பயணம் செய்ய வேண்டியதாயிற்று. அதுவும் பாதை திறந்திருந்தால்தான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து விமானம் சென்று இறங்கியது. பெருந்தொற்றினால் 2020-இல் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது.

இத்தனை ஆண்டுகளில் கடல் அகலவும் இல்லை, சுருங்கவும் இல்லை. தொலைவு இயற்கை வகுத்தது. பயண நேரத்தை நீட்டியதும் குறுக்கியதும் மனிதரே. அவ்வாறாயின், ஒருவருக்கு ஒரு மணி நேரமாக இருக்கும் வழி மற்றொருவருக்கு ஓர் ஆயுளாக இருக்குமானால், அதற்குப் பொறுப்பாளிகளும் மனிதரே அல்லவா?

மறுநாள் மீண்டும் அவரிடம் சென்றோம். “அம்மா, உங்கள் ஊர் எது?” என்று கேட்டோம். “மயிலிட்டி” என்றார். பலாலி விமானத்தளத்தை அடுத்த மீனவ ஊர் அது. 1990 ஜூன் மாதம் அவ்வூரார் வெளியேற நேர்ந்தது. தளத்தைச் சூழ்ந்த நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. விமானம் இறங்கும் இடத்திற்கு வெகு அருகில் அவருடைய வீடு இருந்திருக்கிறது. இன்று விமானம் போகிறது. அவரிடமோ கடவுச்சீட்டு இல்லை. வீட்டின் சுவராவது எஞ்சியிருக்கிறதா என்பதும் அவருக்குத் தெரியாது.

விமானத்தை நாம் குறைகூறவில்லை. பிரிந்த உறவுகளை அது சேர்க்கிறது, அது நன்மையே. ஆயினும் நேரம் குறைந்துவிட்டது என்று மகிழும் வேளையில், யாருக்குக் குறைந்தது என்று கேட்பதும் அறமே.

அக்கேள்வி முதலில் நம்மையே சுட்டது. பங்கு இல்லத்திலிருந்து அம்மூதாட்டியின் வீட்டிற்கு நடந்தால் பத்து நிமிடம். பல ஆண்டுகளாக அவ்வழியே சென்று வருகிறோம். பெயரைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். திருநாள் வரியும் பெற்றிருக்கிறோம். ஊர் எது என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. நம்மைத் தடுக்கப் போரும் இல்லை, கடலும் இல்லை.

அன்று பொழுது சாயும்வரை அவர் தம் ஊரைப் பற்றிப் பேசினார். நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்பரே, உம் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் யார் இருக்கிறார்?