வேப்பிலையும் வெள்ளைக் கொடியும்

தோட்டப்புற லயன் வீடுகளில் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். அதைக் கண்டவர் படியேறமாட்டார். முற்றத்தில் நின்றபடியே, "முதல் தண்ணீர் ஊற்றியாயிற்றா? பிள்ளை கஞ்சி குடிக்கிறானா?" என்று குரல் கொடுப்பார். உள்ளிருந்து விடை வரும். கொண்டுவந்த இளநீரைப் படியோரம் வைத்துவிட்டு, 'போய் வருகிறேன்' என்றுகூடச் சொல்லாமல் திரும்புவார். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை சின்னம்மை பிறருக்குத் தொற்றும் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அவ்விளக்கத்தை அறியாத மக்கள் அதற்கேற்பவே நடந்துகொண்டனர். வேப்பிலைக்கு நோயை விரட்டும் ஆற்றல் உண்டா என்பது வேறு கேள்வி. வருவோரை வாசலில் நிறுத்தும் ஆற்றல் அதற்கு இருந்தது. நின்றவரை ஒரு வார்த்தை கேளாமல் போகவிடாத ஆற்றல் ஊர் வழக்கத்துக்கு இருந்தது.

நோய்க் காலத்தில் உற்றாரையும் நண்பரையும் நலம் விசாரிப்பது கடமை என்பதை எவரும் மறுப்பதில்லை. அக்கடமையின் தன்மை யாது என்று ஆராயப் புகும்போதுதான் சிக்கல் எழுகின்றது. நெருங்கிச் சென்றால்தான் அன்பா? நெருங்காமல் இருப்பதும் அன்பாகுமா? ஆகும் எனின், நெருங்க மனமில்லாதவனும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒதுங்கிவிடலாமே! அவனை எவ்வாறு இனங்காண்பது?

'விசாரித்தல்' என்னும் சொல்லே இருமுகம் கொண்டது. காவல் நிலையத்தில் நடப்பதும் விசாரணை. கட்டிலோரத்தில் நடப்பதும் விசாரணை. வடமொழியிலிருந்து வந்த 'விசாரம்' ஆராய்ச்சியையும் குறிக்கும், தமிழ் வழக்கில் கவலையையும் குறிக்கும். தூய தமிழில் இதனை உசாவுதல் என்பர். அதனடியாகப் பிறந்த 'உசாத்துணை' என்னும் அழகிய சொல், மனம்விட்டுக் கலந்து பேசத்தக்க துணையைக் குறித்து வழங்கியது. இன்று அது நூற்பட்டியலின் தலைப்பாகிவிட்டது. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் நூற்பெயர்களை அடுக்கும் மாணவர், அவ்விடத்தில் முன்னர் ஒரு நண்பர் அமர்ந்திருந்தார் என்று அறிந்தால் வியப்படைவார்.

தோட்டத்தில் இவ்விருவகை விசாரணையும் ஒரே நாளில் நடந்தன. காலைப் பெரட்டில் ஒருவர் பெயருக்கு விடை வராவிடின், "ஏன் வரவில்லை?" என்று கங்காணி கேட்பார். மாலையில் அண்டை வீட்டுக்காரி அதே கேள்வியைக் கேட்பாள். சொற்கள் ஒன்றே. முன்னவருக்கு வேண்டியது ஆள் கணக்கு. விடை கிடைத்ததும் அவருடைய வேலை முடிந்தது. பின்னவளுக்கோ விடை கிடைத்த பிறகே வேலை தொடங்கிற்று. அவள் அடுப்பில் இன்னொரு பிடி அரிசி சேர்ந்தது.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. விசாரிக்க வருபவருக்கு அங்கே இடமில்லை. தமிழாசிரியர் பலர் இக்குறளை நடத்தியிருப்பர். இவ்விடைவெளியைச் சுட்டிக் கேட்ட மாணவர் சிலரே இருத்தல் கூடும். வள்ளுவர் மறந்துவிட்டார் என்று கொள்வதற்கில்லை. விசாரிப்பவரால் நோய் தீர்வதில்லை என்பது வெளிப்படை. சில வேளைகளில் அவரால் நோய் கூடுவதும் உண்டு.

மலேசிய மருத்துவமனை ஒன்றின் பார்வையாளர் நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். டிங்கிக் காய்ச்சலோடு ஒருவர் படுத்திருக்கிறார். முதலில் வருபவர் பப்பாளி இலைச் சாற்றைப் பரிந்துரைக்கிறார். அடுத்தவர் அதை மறுத்து நண்டு சூப் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார். மூன்றாமவர் மைலோ டின்னை மேசைமீது வைத்துவிட்டு, இதே காய்ச்சலில் மாண்டுபோன தம் பெரியப்பாவின் கதையை முதல் நாளிலிருந்து தொடங்குகிறார். படுத்திருப்பவருக்குக் காய்ச்சலோடு, வந்தவர்கள் மனங்கோணாதபடி புன்னகை புரியும் பொறுப்பும் சேர்ந்துவிடுகிறது. விசாரிப்பு நோயாளிக்கா, விசாரிப்பவருக்கா என்னும் ஐயம் இங்கே எழுவது இயல்பே.

தமிழ்க் குடும்பங்களில் இதற்கொரு கணக்கேடும் உண்டு. "நான் படுத்துக் கிடந்தபோது எட்டிப் பார்த்தாயா?" என்னும் மனத்தாங்கல் முப்பது ஆண்டு கழித்தும் திருமணப் பந்தலில் வெளிப்படும். யார் வந்தார், யார் வரவில்லை, வந்தவர் எவ்வளவு நேரம் அமர்ந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகி இருக்கும். இதனைச் சிறுமை என்று ஒதுக்கும் அறிவாளர் உளர். அவர் கூற்றில் பாதி உண்மைதான். எனினும் அக்கணக்கேட்டை வைத்திருப்பவர் உண்மையில் எதற்கு அஞ்சினார் என்று பார்த்தல் வேண்டும். நோய் மனிதனை முதலில் படுக்கையில் தள்ளுகிறது; பின்னர் வேலைத்தலம், கோவில், கடைத்தெரு என்று ஒவ்வோரிடத்திலிருந்தும் அவன் பெயரை அழிக்கிறது. உலகம் தன்னை விட்டுவிட்டே நடக்கிறது, நன்றாகவும் நடக்கிறது என்று அவன் சன்னல் வழியே காண்கிறான். அந்நேரத்தில் எட்டிப் பார்ப்பவர் எந்த மருந்தும் தராவிட்டாலும், அவன் இன்னும் எண்ணிக்கையில் உள்ளான் என்பதைத் தெரிவித்துச் செல்கிறார். வள்ளுவர் கூறிய நான்கும் நோயைக் குறித்தவை. ஐந்தாமவராகிய இவர் நோயாளன் என்னும் மனிதனைக் குறித்து வருபவர்.

இதுகாறும் கூறியவை நெருங்கிச் செல்லுதலுக்கு ஆதரவானவை. ஆயின், நெருங்கிய அன்பே நோயைக் கொண்டுசென்ற வரலாறும் உண்டு. 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரில் சார்ஸ் நோய் பரவத் தொடங்கியபோது, முதல் நோயாளிகளுள் ஒருவரிடமிருந்து அதனைப் பெற்றவர்களில் தாதியர் இருந்தனர். அவரைப் பார்க்க வந்த உறவினரும் நண்பரும் இருந்தனர். நோயின் பெயரையே அறியாத நாட்களில், பழக்கூடையோடு வந்தவர்கள் அவர்கள். அந்நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைக் கொண்டது. தான் தோக் செங் மருத்துவமனை அந்நோய்க்கென ஒதுக்கப்பட்டது; பார்வையாளர்கள் தடுக்கப்பட்டனர். பிள்ளை பெற்றோரைப் பார்க்கப் போகாதிருப்பதே அறம் என்னும் நிலையை அத்தீவு அப்போதே கண்டுவிட்டது.

2020-இல் வந்த கோவிட்-19 பெருந்தொற்று இதனை உலகுக்கே பொதுவாக்கியது. மலேசியாவில் 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அன்று மாறியது சட்டம் மட்டுமன்று. முற்காலத்தில் தொற்றுநோயாளியைக் காணச் செல்பவர் தம் உயிரைப் பணயம் வைத்தார். அதனால் துணிவுடையவரே நல்லவர் எனப் போற்றப்பட்டார். கோவிட் நோயோ அறிகுறி தோன்றுமுன்பே பிறருக்குத் தொற்றவல்லது. நலமாகத் தோன்றும் பேரன் தன் பாட்டிக்கு அதனைக் கொடுத்துவிடலாம். பணயமாக வைக்கப்படும் உயிர் பாட்டியினுடையதாகிவிட்டது. "எனக்குப் பயமில்லை" என்று மார்தட்டிச் சென்றவரின் துணிவு பிறர் பொருளை வைத்து ஆடிய சூதாயிற்று. போகாமல் இருந்தவர் சரியாகவே நடந்தார் என்பதில் ஐயமில்லை.

போகாமல் இருந்த இருவரை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இருவரும் தொலைபேசியில் நலம் கேட்டவர்களே. ஒருவர் புலனக் குழுவில் கைகூப்பிய படமொன்றை அனுப்பி, 'விரைவில் நலம் பெறுக' என்று பொறித்தார். அப்படம் அன்று காலை வேறொரு குழுவிலிருந்து வந்தது. மாலைக்குள் மற்றும் மூவருக்குச் சென்றிருக்கும். தொடக்கப்பள்ளியில் கடிதம் எழுதப் பழகும் மாணவர், 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, விடைக்குக் காத்திராமல் அடுத்த வரியில் பணம் கேட்பது போன்றதே இது. மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. கடித வாய்பாட்டைத்தான் அவர் கற்கிறார். வளர்ந்தவர் அதனோடு நின்றுவிடுவதே குறை. மற்றவர் அழைத்துப் பேசினார். இருமல் இடையிட்டபோது அது தணியும்வரை பொறுத்திருந்தார். மறுநாளும் அழைத்தார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பது பரிவான வாசகமாகவே தோன்றுகிறது. ஆனால் அது முழுச் சுமையையும் நோயாளியின் தலையில் ஏற்றிவிடுகிறது. இல்லாமையைத் தன் வாயால் சொல்ல வேண்டியவர் அவர். மானத்தை விட வேண்டியவரும் அவரே. "சந்தைக்குப் போகிறேன். உங்களுக்கு மீனா, காய்கறியா?" என்று கேட்பவர், உதவி வேண்டுமா என்னும் கேள்வியையே தாண்டிவிடுகிறார். முன்னவரிடம் விடை கேட்டாலும் கேளாவிட்டாலும் எதுவும் செலவாகாது. பின்னவர் வாய்திறந்தபோதே செலவுக்கு ஆயத்தமாகிவிட்டார். முன்னர் எழுந்த 'எவ்வாறு இனங்காண்பது' என்னும் வினாவுக்கு விடை இவ்விடத்தில்தான் கிடைக்கும் போலும். தொலைவில் நிற்பதும் அருகில் நிற்பதும் அதற்கு அளவல்ல.

பள்ளிகள் மூடப்பட்ட நாட்களில் ஆசிரியர்கள் இதனை வேறு வழியில் கண்டனர். இணைய வகுப்பில் வராத பெயர்கள் இருந்தன. வருகைப் பதிவேட்டில் குறியிட்டுவிட்டு நகர்வது எளிது. அது பெரட்டு விசாரணை. அழைத்துக் கேட்டவர்களுக்கு விடைகள் பலவாறாக வந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. இணையத் தரவு தீர்ந்துவிட்டது. மீண்டும் வாங்கப் பணமில்லை. சில வீடுகளில் பேச்சு மெல்ல மெல்ல அரிசிப் பானைக்கு வந்து நின்றது. வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்கத் தொடங்கிய ஆசிரியர், அன்று மாலை மளிகைப் பொருள் வாங்கிக்கொண்டு அடுக்குமாடியின் மின்தூக்கி அருகே நின்றார். கேட்டதனால் நேர்ந்த செலவு அது. கேளாதிருந்தால் நேர்ந்திராது. இதனை அறிந்தே கேளாமல் விடுபவரும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

2021 ஜூன் முதல் நாள் மலேசியாவில் முழு முடக்கம் மீண்டும் வந்தது. அம்மாத இறுதியில் சமூக ஊடகங்களில் ஓர் அழைப்பு பரவிற்று. உணவின்றித் தவிப்போர் எவரிடமும் கெஞ்ச வேண்டா, வீட்டு முகப்பில் ஒரு வெள்ளைக் கொடியைக் கட்டினால் போதும் என்பதே அது. துண்டும் சட்டையும் படுக்கை விரிப்பும் கொடிகளாயின. அண்டை அயலார் இனம் பாராது அரிசியும் முட்டையும் சமையல் எண்ணெயும் கொண்டுபோய் வைத்தனர். கொடி ஏற்றுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று எதிர்த்துப் பேசியோரும் இருந்தனர். நாட்டின் ஈகைப் பண்புக்குச் சான்றாக அக்காட்சி பாராட்டப்பட்டது; பாராட்டுக்கு உரியதே.

எனினும் அக்கொடியை வேப்பிலைக்கு அருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டும் வாசலில் தொங்கியவை. வேப்பிலை 'உள்ளே வராதீர்' என்றது. ஆயினும் மக்கள் வந்து வாசலில் நின்று கேட்டனர். வெள்ளைக் கொடி 'வாருங்கள்' என்றது. அண்டை வீட்டார் முன்னரே வந்து கேட்டிருப்பின், அது பல வாசல்களில் தேவைப்பட்டிராது. கேட்கப்படாத கேள்விக்கு அவ்வீட்டார் தாமே எழுதித் தொங்கவிட்ட விடை அது. லயன் வீட்டின் பலகைச் சுவர் வழியே இருமலும் கேட்டது, வெறும்பானை உருளும் ஓசையும் கேட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபின் சுவர்கள் கல்லாயின. அந்தப் பழைய லயத்தை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. அதன் வறுமையை அறிந்தவர் ஏங்கமாட்டார். கொடி கட்டவும் கூசி உள்ளேயே இருந்த வீடுகள் எத்தனை என்பதை மட்டும் எவரும் எண்ணியிலர்.

எவ்வளவு விழைந்தும் போக முடியாமற் போனவர்களும் இருந்தனர். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. பெருந்தொற்றுக்கு முன் காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்பிய மலேசியர் மிகப் பலர். 2020 மார்ச்சில் அவ்வழி அடைபட்டது. பின்னர்ச் சில ஏற்பாடுகளின்கீழ்ச் சிறிது சிறிதாகத் திறந்து, 2022 ஏப்ரல் முதல் நாள்தான் தடுப்பூசி முழுமையாகப் போட்டுக்கொண்டோர்க்குத் தனிமைப்படுத்தலின்றிப் பழையபடி கடந்துசெல்ல வழி பிறந்தது. அவ்விடைக்காலத்தில் உட்லண்ட்ஸ் பக்கத்து வாடகை அறையில் தங்கிய மகன், கடலுக்கு அப்பாலுள்ள தாயை நாள்தோறும் அழைத்துப் பேசினான். மருந்துக்கும் உணவுக்கும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைத்தான். நீரிணையின் மறுகரை விளக்குகள் அவனுக்குத் தெரிந்தன.

பாலம் திறந்ததும் வீடு வந்தவர்களுள், தாயோ தந்தையோ இல்லாத வீட்டுக்குள் நுழைந்தவர்களும் இருந்தனர். ஈமச் சடங்கைத் தொலைபேசித் திரையில் கண்டவர்கள் அவர்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர்கள் பக்கத்து வீட்டுக்குச் சென்றனர். கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டார், இரவில் தூங்கினாரா, யாரைக் கேட்டார் என்று விசாரித்தனர். சில இடங்களில் பக்கத்து வீட்டாருக்கு அது தெரிந்திருந்தது.