பயணச் சலுகையும் பிறர் ஹக்கும்

ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டால் வெளிநாட்டு வீடுகளில் தராசு வெளியே வந்துவிடும். பெட்டி எத்தனை கிலோ, கைப்பை எத்தனை கிலோ, தைலம் எத்தனை புட்டி, கைலி எத்தனை என்று கணக்குப் போடுவார்கள். பினாங்கில் மகன் வீட்டில் பத்து வாரம் தங்கிவிட்டுப் புறப்படும்போது நாமும் அப்படித்தான் பட்டியல் எழுதினோம். சம்பந்தி வீடு, மச்சான் வீடு, பள்ளிவாசல் மோதினார், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்று ஒருவரும் விடுபடவில்லை எனத் திருப்தியும் அடைந்தோம்.

அன்று மாலை ஊரிலிருந்து வந்த தொலைபேசிப் பேச்சில், பல செய்திகளுக்கிடையே ஒரு செய்தியும் வந்தது. நம் தெருமுனை மளிகைக் கடைக்காரர் மௌத்தாகி இருபது நாளாகிறதாம். "இன்னா லில்லாஹி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏன் இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் பற்றுக் கணக்கில் ஒரு தகராறு. அவர் காட்டிய தொகை அதிகம் என்று நமக்குப் பட்டது. நாலு பேர் நிற்கும்போதே, "மறந்தவன் தலையில் எழுதிவிடலாம் என்று பார்க்கிறீரா?" என்று கேட்டுவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. "வந்து பார்த்துக் கொள்ளலாம்" என்று நாம் நடந்துவிட்டோம். பத்து வாரமும் அந்த வார்த்தைதான் நமக்குத் தலையணையாக இருந்தது.

வாசகர்களே! நம்மில் எத்தனையோ பேர் விமானம் ஏறும்போது இந்த வார்த்தையைத்தான் ஊரில் விட்டுச் செல்கிறோம். ஆகவே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். வெளியூரில் இருப்பவனுக்குக் கடமைகளிலிருந்து விடுப்பு உண்டா?

சலுகை எதில்?

உண்டு என்றுதான் ஷரீஅத் சொல்கிறது. முஸாபிர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக் கஸ்ராகத் தொழலாம். ரமளான் நோன்பை விட்டுவிட்டு வேறு நாளில் களாச் செய்யலாம். ஜும்ஆ அவர்மீது கடமையில்லை. காலுறை மீது மஸஹு செய்வதற்கு, ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஒரு இரவு என்றால், முஸாபிருக்கு மூன்று பகல் மூன்று இரவு.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். தொழுகை, நோன்பு, ஜும்ஆ, வுளூ ஆகிய நான்கும் அல்லாஹ்வுக்கு நாம் செலுத்த வேண்டியவை. தேவையற்றவனான அவன், தன் ஹக்கில் தானே சலுகை தந்தான். ஆனால் கடன் வாங்கியவன் பயணத்தில் இருப்பதால் கடன் பாதியாகும் என்று எங்கேனும் உண்டா? அமானிதத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று உண்டா? மனைவி மக்களின் செலவுக்குக் கஸ்ரு உண்டா? இல்லை. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி குர்ஆன் கூறுவது அவன் கையில் இல்லாததற்காகவே தவிர, அவன் பயணி என்பதற்காக அல்ல.

அல்லாஹ்வின் பாதையில் உயிரைக் கொடுத்த ஷஹீதுக்குக் கூட, கடனைத் தவிர மற்றவை மன்னிக்கப்படும் என்று முஸ்லிம் ஷரீஃபில் வரும் ஹதீஸ் தெரிவிக்கிறது. ஷஹீதுக்கே அப்படியென்றால், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரப் போனவன் நிலை என்ன?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால், ஷாஃபிஈ மத்ஹபில் அவர் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தால் முகீம் ஆகிவிடுகிறார். எனவே பத்து வாரம் தங்கப் போன நாம் அங்கே சலுகைக்குரிய முஸாபிராகவே இருக்கவில்லை. கப்பித்தான் கிளிங் பள்ளியில் நான்கு ரக்அத்தும் முழுதாகத் தொழுத நாம், மனிதருக்குச் செலுத்த வேண்டியதை மட்டும் சுருக்கிக் கொண்டோம். சுருக்கியது கூட இல்லை, விட்டே விட்டோம்.

திரும்பி வருவதன் அதபு

பயணம் உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு வேதனை என்றும், வந்த வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். வேதனை குறைந்துவிட்டது. கூடவே யோசிக்கும் நேரமும் குறைந்துவிட்டது. 1985-ல் தீ விபத்துக்குள்ளான 'சிதம்பரம்' கப்பல் ஓடிய காலத்தில், கடலைப் பார்த்துக்கொண்டே யாருக்கு என்ன பாக்கி என்று நினைத்துப் பார்க்க நாட்கள் இருந்தன. இப்போது பெட்டியை எடை போடுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

நாம் இல்லாதபோது ஊர் நமக்காக நின்று கொண்டிருப்பதில்லை. 1325-ல் ஹஜ்ஜை நாடித் தஞ்சாவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா நம் மஅபர் நாட்டையும் சரந்தீபையும் கண்டு, 1349-ல்தான் மொராக்கோ திரும்பினார். தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்த செய்தி அவருக்கு டமாஸ்கஸில் கிடைத்தது. ஊரை நெருங்கும் வழியில், தாயும் கொள்ளை நோயில் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். கையில் தொலைபேசி உள்ள நமக்கு அந்தச் சாக்குக் கூடக் கிடையாது.

நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். நாமும் அப்படியே தொழுதோம். பெட்டியைத் திறக்கவில்லை. கடைக்காரர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி இத்தாவில் இருந்தார். மகன் திண்ணையில் உட்கார வைத்து, நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். நாள் வாரியாகப் பார்த்தோம். அவர் எழுதியதுதான் சரி. நம் வீட்டார் வாங்கியனுப்பிய இரண்டு சாமான்கள் நமக்குத் தெரிந்திருக்கவில்லை. பணத்தைக் கொடுத்தோம். பிறகு அன்று பேசிய பேச்சைச் சொல்லி, "பொறுத்துக் கொள்ளுங்கள் தம்பி" என்றோம்.

அந்தப் பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, பணம் வாரிசுக்கு உள்ளது, வாங்கிக் கொண்டேன். அந்தப் பேச்சு வாப்பாவுக்குச் சொன்னது. அதை நான் எப்படிப் பொறுப்பது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

பொருளின் ஹக்கு வாரிசுக்குப் போகும். மானத்தின் ஹக்கு கப்ரில் உள்ளவரோடு போய்விட்டது. இனி அவருக்காகத் துஆச் செய்வதும், அவர் பெயரால் ஸதக்கா கொடுப்பதும், நாலு பேர் முன்னால் பேசிய நாம் அதே நாலு பேர் முன்னால் அவர் கணக்கு நேர்மையானது என்று சொல்வதும்தான் மிச்சம். அதைச் செய்தோம். போதுமா என்பது மறுமையில்தான் தெரியும். தீனாரும் திர்ஹமும் செல்லாத அந்த நாள் வருமுன், பிறருக்கு இழைத்த அநீதியை இன்றே தீர்த்துக்கொள்ளும்படி நபிகளார் (ஸல்) எச்சரித்ததன் பொருள் அந்தத் திண்ணையில்தான் நமக்கு விளங்கியது.

ஹஜ்ஜுக்குப் போகும்போது வீடு வீடாகச் சென்று பிழை பொறுக்கச் சொல்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போகும்போது அது ஏன் நினைவுக்கு வருவதில்லை? மக்கா போகிறவருக்கு மட்டும்தானா மௌத் வருகிறது? போகிறவர் திரும்புவார் என்பதற்கும் உறுதியில்லை. திரும்பும் வரை இருப்பவர் இருப்பார் என்பதற்கும் உறுதியில்லை.

ஆகவே அடுத்த முறை பயணப் பெட்டியைக் கட்டுமுன் இன்னொரு பட்டியலும் எழுதுவோம். யாருக்கு என்ன வாங்கி வருவது என்ற பட்டியல் திரும்பும்போது போதும். யாருக்கு என்ன தீர்க்க வேண்டும் என்ற பட்டியலைப் போகும்போதே முடித்துவிடுவோம்.

பிறர் ஹக்கைச் சுமந்தபடி தன்னிடம் திரும்புவோராக இல்லாமல், அதைத் தீர்த்துவிட்டுத் திரும்புவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.