எழுவது குற்றமா?

மதுவை விட்ட ஒருவர் முன்னிலும் அதிகமாகக் கோபப்படுகிறார், உறக்கமின்றித் தவிக்கிறார், சிறு சொல்லுக்கும் கண் கலங்குகிறார். "குடித்தபோதே தேவலையே!" என்று வீட்டார் வருந்துகின்றனர். பெங்களூர் ஜீவனஹள்ளியில் வாழும் குடும்பமாயினும், தமிழகத்துச் சிற்றூர்க் குடும்பமாயினும் இந்த வருத்தம் ஒன்றே. விடுபட்டவர் மனத்திலும் ஒரு கேள்வி எழுகிறது: இவ்வுணர்ச்சிகள் எழுவதே என் குற்றமா?

அன்று. மது துயரத்தைத் தீர்க்கவில்லை, மூடி வைத்திருந்தது. மூடி அகன்றதும் உள்ளிருப்பவை வெளிப்படுகின்றன. போதைக்குப் பழகிய மூளை சமநிலை பெற வாரங்களும், சில வேளை மாதங்களும் ஆகின்றன. இக்காலம் அபாயமானது. மீண்டும் போதைக்குத் திரும்பிய நிகழ்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கோபம், கவலை, சோர்வு போன்ற மனநிலைகளில் நேர்ந்தவை என்று அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1985-இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார்.

ஆசையாலும் சினத்தாலும் பிறக்கும் வேகத்தைத் தாங்க வல்லவனைக் கீதையின் ஐந்தாம் அத்தியாயம் யோகி என்கிறது. வேகமே எழாதவன் என்று அங்கே கூறவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. எழுவது பழைய வாசனையின் விளைவு. எழுந்தபின் செய்வது நம் பொறுப்பு.

தாங்குவது எப்படி? அடக்கி மறைப்பது தாங்குவதாகாது. "இது கோபம்", "இது தனிமை" என்று முதலில் பெயரிட்டு அறிய வேண்டும். பசியா, களைப்பா என்றும் பார்க்க வேண்டும். பல வேளைகளில் உணவும் ஓய்வுமே போதும். குடிக்கும் வேட்கை அலைபோல் உயர்ந்து, பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் தணியும். அதுவரை இடம் மாறுவதும், நடப்பதும், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுவதும் உதவும்.

எனினும், உணர்ச்சி குற்றமன்று என்பது பிறரைப் புண்படுத்த உரிமைச்சீட்டு ஆகாது. வீட்டாரின் கோபமும் பல்லாண்டுக் காயத்திலிருந்து எழுவதே. "நான்தான் விட்டுவிட்டேனே, இன்னும் ஏன் நம்பவில்லை?" என்று கேட்பது எளிது, நம்பிக்கை நாள்தோறும் ஈட்டப்பட வேண்டியது. வீட்டாரும் பழங்கதையை அன்றாடம் கிளறலாகாது. கணவரைக் குடிநோயால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரால் நிறுவிய சிகிச்சை அமைப்பு, குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கியது இதனாலேயே.

மனவுறுதியொன்றே போதும் என்று எண்ணுவதும் தவறு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வை அவசியம். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கெனத் தனி மையமே உள்ளது. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனையைத் தமிழிலும் பெறலாம்.

ஒருமுறை வழுக்கினாலும், "எல்லாம் போயிற்று" என்ற விரக்திக்கு இடந்தரலாகாது. அந்த விரக்தியே அடுத்த கோப்பையை நீட்டும். மறைக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்குவதே தைரியம்.