'தெரியாது' என்னும் நேர்மை

விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றுபவர்கள் நாம். இலையில் வைத்ததை மறுத்தால் வைத்தவர் மனம் நோகும் என்று பிள்ளைகளுக்கு இளமையிலேயே சொல்லித் தருகிறோம். ஆனால் உணவு ஒவ்வாமையுள்ள குழந்தையோடு உணவகத்திற்குச் செல்லும் பெற்றோர் இப்பாடத்தை மாற்றிக் கற்பிக்க வேண்டியவராகின்றனர். கேட்ட பின்னரே உண்ண வேண்டும். ஐயமிருப்பின் மறுக்க வேண்டும். அவ்வாறு கேட்கப்படுபவரின் கடமை யாது? இதைச் சற்றுச் சிந்திப்போம்.

ஒவ்வாமை நாவின் விருப்பு வெறுப்பன்று. பிறர்க்கு ஊட்டம் தரும் புரதத்தையே சிலருடைய உடல் பகையெனக் கருதி எதிர்க்கிறது. தோல் தடிக்கலாம், மூச்சுத் திணறலாம், இரத்த அழுத்தம் தாழ்ந்து சில நிமிடங்களில் உயிருக்கே இடர் நேரலாம். அத்தகைய கடும் நிலையில் தொடையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. எனவே, "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று மருத்துவரல்லாதார் கூறும் அறிவுரை அன்பினால் பிறந்ததாயினும் ஆபத்தானதே.

நம் சமையலறைகளை எண்ணிப் பாருங்கள். வெண்பொங்கலில் முந்திரி கண்ணுக்குத் தெரிகிறது. குருமாவில் அரைத்து விட்ட முந்திரி தெரிவதில்லை. சட்னியில் 'கடலை' சேர்த்திருப்பதாகச் சொல்கிறார்கள். அது பொட்டுக்கடலையா, வேர்க்கடலையா? முட்டை தோசை வார்த்த கல்லிலேயே அடுத்த தோசையும் வார்க்கப்படுகிறது. பொங்கலிலிருந்து முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மட்டும் அது அக்குழந்தைக்கு ஏற்றதாகிவிடாது.

இந்நிலையில், "இதில் வேர்க்கடலை இருக்கிறதா?" என்று கேட்டால், "ஒன்றும் இருக்காது, சாப்பிடுங்கள்" என்னும் விடை பல இடங்களில் வருகிறது. சொல்பவர் தீயவரல்லர். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்பது அவர் பழகிய பண்பு. பிற மேசைகளும் அவருக்காகக் காத்திருக்கின்றன. அறிந்ததை மறைப்பதே பொய் எனில், அவர் பொய்யரும் அல்லர். ஆயினும் அறியாத ஒன்றுக்கு அவர் உறுதிமொழி தருகிறார். அது தவறினால் ஈடு செலுத்தப்போவது அவரல்லர். எதிரே அமர்ந்திருக்கும் குழந்தை. "எனக்குத் தெரியாது; சமையற்காரரைக் கேட்டு வருகிறேன்" என்பதே அங்குப் பேசத்தக்க உண்மை.

சட்டமும் இங்கு ஓரளவு துணை நிற்கிறது. 2016இல் இலண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியுணவை உண்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். மாவில் கலந்திருந்த எள் பற்றி உறையில் ஒரு சொல்லும் இல்லை. அவள் பெயரால் வழங்கும் 'நடாஷா சட்டம்' 2021 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கடையிலேயே தயாரித்து உறையிட்டு விற்கும் உணவிலும் சேர்பொருள்களை எழுத வேண்டுமென அது பணித்தது. இந்தியாவிலும் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளையுடைய உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. தெருமுனைச் சிற்றுண்டிக் கடையை இவ்விதி எட்டுவதில்லை. அங்கு நமக்கு எஞ்சியிருப்பது மனச்சான்று ஒன்றே.

அதற்காகச் சுமை முழுவதையும் குறைந்த கூலிக்கு உழைக்கும் பரிமாறுபவர்மீது ஏற்றுவதும் நீதியன்று. பெற்றோர்க்கும் கடமையுண்டு: கூட்டம் குறைந்த வேளையில் செல்வது, பொருளின் பெயரைத் திட்டமாகச் சொல்லிக் கேட்பது, மருத்துவர் தந்த மருந்தைக் கையோடு கொண்டு செல்வது, "தெரியாது" என்றவர்க்கு நன்றி கூறி எழுந்து வருவது. நாம் முகஞ்சுளித்தால் அடுத்த முறை அவர் உண்மை சொல்லத் தயங்குவார். அச்சத்தால் குழந்தையை வீட்டிற்குள்ளேயே அடைத்து வைப்பதும் தகாது. ஊரோடு உண்ணும் மகிழ்ச்சியில் அதற்கும் பங்குண்டு. தன் தேவையைத் தானே கூச்சமின்றிச் சொல்ல அது கற்கும் இடமும் அந்த மேசையே.

உறவினரும் நண்பருமான நமக்கோ வேலை எளிது. கேள்வி கேட்கும் பெற்றோரை 'அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள்' என்று நகையாடாதிருப்போம். நம் வீட்டு விருந்துக்கு அக்குழந்தை வரும்போது, என்ன சமைப்பது என்பதற்கு முன்னர், எது ஆகாது என்று கேட்டறிவோம்.